யார் வரவில்லை?

கொல்லிமலை என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது எழுபது கொண்டை ஊசி வளைவுகள்தான். அப்புறம் ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், ஆடி மாதம் நடக்கும் வல்வில் ஓரி விழா, சித்தர் கதைகள், மூலிகை, அன்னாசிப்பழம், மலைத்தேன். காரவள்ளியில் இருந்து பஸ் ஏறி வளைவுகளை எண்ணிக்கொண்டே போய், அருவியில் குளித்து, சோளக்காட்டில் பலாப்பழம் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்த மலையில் நூறு வருடங்களுக்கும் மேலான கிறிஸ்தவச் சபை ஒன்றின் கதை இருக்கிறது என்பது போய் வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இது மதம் மாற்றுவதைப் பற்றியோ மாறுவதைப் பற்றியோ விவாதிக்கிற கட்டுரை இல்லை. அந்த விவாதத்துக்கு வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன. ஒரு சபை வாரம் முழுக்க என்ன செய்கிறது, அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்ற சின்ன கேள்விதான் இங்கே.

மலையும் மக்களும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. உச்சியில் ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு பெரிய சமவெளி. இப்போது நாமக்கல் மாவட்டம். அந்த மாவட்டம் 1997-ல் பிரிக்கப்படுவதற்கு முன் சேலம் மாவட்டம். அங்கே பெரும்பாலும் வாழ்பவர்கள் 'மலையாளி' என்ற பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். மலையில் வாழ்பவர்கள் என்பதால் மலையாளிகள். பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. ஊர்களைச் சேர்த்து வளவந்தி நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு என்று 'நாடு' கணக்கில் பிரித்திருப்பார்கள். சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளிக் கிழங்கு, மிளகு, வாழை, பலா இதெல்லாம் விளையும். பெரும்பாலானவர்கள் தங்கள் குலசாமிகளையும் அறப்பளீஸ்வரரையும் கும்பிடுபவர்கள். கிறிஸ்தவர்கள் அங்கே சிறுபான்மைதான்.

ஒரு காலத்தில் மலைக்கு ரோடு கிடையாது. செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் நடந்து ஏற வேண்டும், இல்லாவிட்டால் டோலியில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். காய்ச்சல் மலை என்று கீழே இருப்பவர்கள் பயப்படுவார்கள். மலேரியா அந்த அளவுக்கு இருந்தது.

ஒரு கொத்தனாரும் ஒரு ஓவியரும்

ஜெஸ்ஸி மான் பிராண்ட் இங்கிலாந்தில் கட்டட வேலை செய்தவர். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சிறிய மிஷன் மூலமாக 1907-ல் இந்தியா வந்தார். டாக்டர் இல்லை. லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் மிஷனரிகளுக்காக நடத்தின மருத்துவப் பயிற்சி மட்டும் உண்டு. எவலின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் 1879-ல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஓவியம் படித்தவர். இரண்டு பேரும் 1913-ல் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் கல்யாணம் செய்துகொண்டு, மழையில் நனைந்தபடி கொல்லிமலைக்கு ஏறினார்கள். அதற்கு முன்பே ஜெஸ்ஸி கீழே மரவீடு ஒன்றைத் துண்டு துண்டாகச் செய்து, ஆட்களின் தலைச்சுமையாக மேலே ஏற்றி, அங்கே பூட்டி வைத்திருந்தார். வளவந்தியில் இருந்த அந்த வீடுதான் அடுத்த பதினாறு வருடத்துக்கு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஜெபக்கூடம் எல்லாம்.

வந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தார்கள். மற்ற ஆறு நாளும் புண்ணுக்கு மருந்து போட்டார்கள், பல் பிடுங்கினார்கள், காய்ச்சலுக்குக் கொய்னா கொடுத்தார்கள், பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். ஜெஸ்ஸி தச்சு வேலை, செங்கல் அறுப்பது, பட்டுப்புழு வளர்ப்பது எல்லாம் கற்றுக்கொடுத்தார். ஊர் ஊராக நடந்தார்.

மக்கள் மருந்துக்கு வந்தார்கள். பிரசங்கத்தையும் கேட்டார்கள், மரியாதையாகக் கேட்டார்கள். ஆனால் சபையில் சேர ஒருவர்கூட முன்வரவில்லை. ஒரு வருடம் இல்லை, இரண்டு வருடம் இல்லை, ஏறத்தாழ ஆறேழு வருடம் இதே கதை. சாமிக்கும் பூசாரிக்கும் ஊருக்கும் பயம். ஊரை விட்டு ஒதுக்கிவிட்டால் பெண் எடுப்பது, பெண் கொடுப்பது, சாவுக்குத் தோள் கொடுப்பது எல்லாம் நின்றுபோகும். தனியாளாக நின்று என்ன செய்வது என்ற கேள்விக்குப் பிரசங்கத்தில் பதில் கிடையாது. அந்த மக்கள் கேட்டது சரியான கேள்விதான். "உங்கள் கூட்டத்துக்கு வந்தால் எங்களுக்கு யார்?" என்பதுதான் அந்தக் கேள்வி.

கதவு திறக்காத வீடுகள்

பதில் வந்தது ஒரு கொள்ளைநோயில். முதல் உலகப்போர் முடிகிற நேரத்தில், 1918-19-ல், இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் உலகத்தையே சுற்றி வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் இறந்தார்கள். மலையும் தப்பவில்லை. வீட்டுக்கு வீடு காய்ச்சல். ஒரே வீட்டில் எல்லாரும் படுத்துவிட்டால் கஞ்சி வைக்க ஆள் இல்லை. பயந்துபோன சனங்கள் அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கவும் தயங்கினார்கள். இந்தக் காய்ச்சலில் பலர் நோயால் மட்டும் சாகவில்லை, பட்டினியாலும் தாகத்தாலும் சேர்ந்து செத்தார்கள்.

ஜெஸ்ஸியும் எவலினும் பெரிய பாத்திரத்தில் அரிசிக் கஞ்சி காய்ச்சி வீடு வீடாக எடுத்துப் போனார்கள். கதவு திறக்காத வீடாகப் பார்த்துப் போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். திறந்திருந்தால் அங்கே எழுந்து நடமாட யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்போது படுத்தவர்களில் ஒருவர் அந்தப் பகுதியின் பூசாரி. அதுவரை சனங்கள் சபைப் பக்கம் போகாமல் தடுத்து நின்றவர். அவரும் மனைவியும் பிழைக்க மாட்டார்கள் என்று ஆனபோது, தன் பெண் குழந்தையை வளர்க்கும் பொறுப்பை அவர் ஒப்படைத்தது பிராண்ட் தம்பதியிடம்தான். எவலின் அந்தக் குழந்தையை எடுத்து வளர்த்தார். அவர்களுக்கு அப்போது சொந்தமாகவே இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பால் 1914-ல் பிறந்தவன், இளையவள் கானி.

அதற்குப் பிறகு மலையில் பேச்சு மாறியது. பூசாரியே தன் குழந்தையை நம்பிக் கொடுத்த வீடு அது. அதற்கு மேல் யார் என்ன சொல்வது? ஆட்கள் மெதுவாகச் சேர ஆரம்பித்தார்கள். "எங்களுக்கு யார்?" என்ற கேள்விக்கு வாயால் சொன்ன பதில் ஏழு வருடம் எடுபடவில்லை. கஞ்சிப் பாத்திரத்தோடு போன பதில் எடுபட்டது.

கிணற்றடி வேலை

சபை வேலை, ஊர் வேலை என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் கொல்லிமலைக் கதை புரியாது. ஒரு உதாரணம் நரம்புச் சிலந்தி நோய். இந்தத் தலைமுறைக்கு இப்படி ஒரு நோய் இருந்ததே தெரியாது. குடிதண்ணீரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னத் தண்ணீர்ப் பூச்சிகள் இருக்கும். அவற்றுக்குள் இந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். குடித்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு மீட்டர் வரை நீளமான நூல் மாதிரியான புழு காலில் கொப்புளமாகி, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் உள்ளே சீழ் வைத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்கு அங்குலக் கணக்கில் பொறுமையாக எடுக்க வேண்டும். சின்ன வயதில் அப்பா இப்படிப் புழு எடுத்ததைப் பார்த்ததைப் பின்னாளில் மகன் பால் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

எரிச்சல் தாங்காமல் நோயாளி படிக்கிணற்றில் இறங்கிக் காலைத் தண்ணீரில் வைப்பார். வைத்தவுடன் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அதே தண்ணீரைத்தான் ஊரே மொண்டு குடிக்கும். வழி என்ன? கிணற்றில் யாரும் இறங்கக் கூடாது. சுற்றிச் சுவர் கட்டி, கயிறும் வாளியும் போட்டு மேலிருந்தே இறைக்க வேண்டும். கொத்தனார் மிஷனரிக்குச் சுவர் கட்டத் தெரியும். ஊர்க்காரர்களைக் கூட்டிக் கிணறுகளுக்குச் சுவர் எழுப்பினார். எவலினும் பிற்காலம் வரை இதையே ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார். இந்தியாவில் இந்த நோயின் கடைசி நோயாளி பதிவானது 1996-ல். இந்த நோய் இல்லாத நாடு என்று இந்தியாவுக்கு 2000-ல் சான்று கிடைத்தது. தடுப்பூசி இல்லாமல், தண்ணீரைச் சுத்தமாக வைத்தே ஒழித்த நோய் அது.

இதில் கவனிக்க வேண்டியது, கிணற்றுச் சுவர் கட்டியதோடு வேலை முடியாது. காலில் கொப்புளம் வந்த ஆள் யார், இந்த வாரம் தண்ணீர் எடுக்க வராதவர் யார் என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் முகாம் போட்டு முடிகிற காரியம் இல்லை. வாராவாரம் போக வேண்டும்.

வாரம் ஒரு பென்னி

இந்த 'வாராவாரம்' என்பதற்குத் தனியாக ஒரு சரித்திரம் இருக்கிறது. அதற்கு மலையை விட்டுக் கொஞ்சம் வெளியே போக வேண்டும்.

கொல்லிமலைச் சபை பாப்டிஸ்ட் வழி வந்தது. விவரம் தெரிந்த வயதில் விசுவாசத்தைச் சொல்லி, தண்ணீரில் முழுக்கு ஞானஸ்நானம் எடுப்பது அவர்கள் முறை. மெத்தடிஸ்டுகள் குழந்தைக்கும் ஞானஸ்நானம் கொடுப்பவர்கள். உபதேசத்தில் இப்படிப் பல வித்தியாசம் உண்டு. ஆனால் சபை என்பது ஞாயிறு மட்டும் இல்லை, வாரம் முழுவதும் என்று அதை ஒரு ஒழுங்காகவே ஆக்கிக் காட்டியவர்கள் மெத்தடிஸ்டுகள். 'மெத்தட்' என்றால் முறை. முறை வைத்து வாழ்கிறவர்கள் என்று ஆக்ஸ்ஃபோர்டில் மாணவர்கள் கிண்டலாக வைத்த பெயர்தான் அது. கிண்டல் பெயரே சபைப் பெயராக நிலைத்துவிட்டது.

மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி (1703-1791) பிரிஸ்டல் நகரத்தில் ஒரு கூட்ட வீடு கட்டினார். கடன் விழுந்தது. 1742-ல் கடனை அடைக்க ஒரு கூட்டம். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடலாம் என்று ஒருவர் சொன்னார். ஏழைகளால் அதுவும் முடியாதே என்றார்கள். கேப்டன் ஃபாய் என்ற பழைய கப்பல்காரர் எழுந்து ஒரு வழி சொன்னார். இருப்பதிலேயே ஏழையான பதினோரு பேரை என் கணக்கில் விடுங்கள், வாராவாரம் நானே அவர்கள் வீட்டுக்குப் போய் வாங்குகிறேன், அவர்களால் முடியாவிட்டால் அவர்கள் பங்கையும் நானே போடுகிறேன் என்பதுதான் அந்த யோசனை.

இப்படி ஊரையே பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்தார்கள். காசு வாங்கப் போனவர்கள் வீட்டு நிலவரத்தோடு திரும்பி வந்தார்கள். இந்த வீட்டில் குடிச் சண்டை, அந்த வீட்டில் பிள்ளைக்குச் சுகமில்லை, இன்னொருவர் வேலை இழந்துவிட்டார். வெஸ்லிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. காசை விட இந்தச் செய்திதான் முக்கியம் என்று, பன்னிரண்டு பேர் கூட்டத்தையே சபையின் அடிப்படையாக ஆக்கிவிட்டார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைவர். அவர் குருவானவராக இருக்க வேண்டியதில்லை. கடைக்காரர், தையல்காரர், விதவைப் பெண் யாராக இருந்தாலும் சரி. வாரம் ஒரு முறை தன் கணக்கில் உள்ள எல்லோரையும் பார்த்துவிட வேண்டும். வராதவரைத் தேடிப் போக வேண்டும்.

மெத்தடிஸ்டுகள் தமிழ் பேசும் மண்ணுக்கு 1814-ல் வந்தார்கள். முதலில் இலங்கை. ஜேம்ஸ் லிஞ்ச்சும் தாமஸ் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்தில் வேலையைத் தொடங்கினார்கள். லிஞ்ச் 1817-ல் சென்னைக்கு வந்தார். பிறகு மன்னார்குடி, கரூர் என்று பரவியது. கொல்லிமலைக்கும் கரூருக்கும் இடையில் காவிரிதான். 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கன் சபையும், தென்னிந்திய மெத்தடிஸ்ட் சபையும், தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றுசேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது, தமிழ்நாட்டில் வெஸ்லி வழிச் சபைகள் பெரும்பாலும் அதற்குள் போய்விட்டன. அமெரிக்க வழியில் வந்த மெத்தடிஸ்ட் சபை தனியாக இருக்கிறது. பெயர் மாறினாலும் பழக்கம் போகவில்லை. டிசம்பர் 31 இரவு தூங்காமல் விழித்திருந்து வருடத்தைத் தொடங்குகிற ஆராதனையைப் பரப்பியவர்களும், புது வருடத்தில் உடன்படிக்கை ஆராதனை வைத்தவர்களும் மெத்தடிஸ்டுகள்தான். இன்று எந்தச் சபையாக இருந்தாலும் அந்த இரவில் கோயில் நிரம்பி வழிகிறது.

தமிழ்க் கிராமச் சபையின் ஒரு வாரம்

மலையோ சமவெளியோ, சி.எஸ்.ஐ.யோ லுத்தரனோ பாப்டிஸ்டோ, தமிழ்நாட்டில் ஒரு கிராமச் சபையின் வாரம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓடும்.

ஞாயிறு காலை மணி அடிக்கும். பெரியவர்கள் ஆராதனைக்கு முன்போ பின்போ பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி. அங்கே பதிவேடு உண்டு. பெயர் கூப்பிடுவார்கள். மனப்பாட வசனம் ஒப்பித்தால் வருடக் கடைசியில் ஒரு டிபன் பாக்ஸோ பேனாவோ பரிசு. பல கிராமப் பிள்ளைகள் முதல்முறையாக நாலு பேர் முன்னால் நின்று பேசியது, பாடியது, நாடகத்தில் தாடி ஒட்டிக்கொண்டு நடித்தது அங்கேதான். ஆராதனையில் ஞானப்பாட்டும் கீர்த்தனையும் உண்டு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) கர்நாடக ராகத்தில் கட்டிய பாட்டுகள் இன்னும் எல்லாச் சபையிலும் இருக்கின்றன. சபை எதுவானாலும் பாட்டுப் புத்தகம் அவர்களைச் சேர்த்துவிடுகிறது.

வார நாளில் ஒரு சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம். இந்த வாரம் ஒரு வீடு, அடுத்த வாரம் அடுத்த வீடு. காப்பியோ சுண்டலோ உண்டு. இன்னொரு நாள் பெண்கள் ஐக்கியம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி, கோயில் கூட்டிப் பெருக்குவது. பெருக்குவதற்குக் குடும்ப முறை போட்டு எழுதி ஒட்டியிருப்பார்கள். கோயில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் மணி யார் அடிப்பது என்று ஒரு தனிப் பஞ்சாயத்தே நடக்கும்.

இதில் அழகான ஒரு பழக்கம் கைப்பிடி அரிசி. தினமும் உலை வைக்கும்போது அம்மா ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துப் போட்டு வைப்பார். வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். ஏலம் போட்டுக் காசாக்குவார்கள், அல்லது கஷ்டப்படுகிற வீட்டுக்குப் போய்ச் சேரும். கையில் காசே பார்க்காத பெண்கள் சபைக்குக் கொடுக்கிறவர்களாக ஆனது இந்த ஒரு கைப்பிடியில்தான். வெஸ்லி காலத்து பென்னிக்கு நம் ஊர்ச் சமையலறை கொடுத்த பதில் என்று இதைச் சொல்லலாம்.

வருடத்துக்கு ஒரு முறை அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதல் பங்கைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன் குவிப்பார்கள். தேங்காய், வாழைத்தார், பூசணி, கோழி, ஆட்டுக்குட்டிகூட வரும். ஆராதனை முடிந்ததும் வெளியில் ஏலம். ஒரு எலுமிச்சம்பழம் கௌரவத்துக்காக ஆயிரம் ரூபாய்க்குப் போவதும் உண்டு. அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு.

எல்லாம் தேன் என்று சொல்லிவிட முடியாது. கமிட்டித் தேர்தல் சண்டை, கணக்குச் சண்டை, பாடகர் குழுவில் யார் முன்னால் நிற்பது என்ற சண்டை, இதைவிட மோசமாகச் சாதி பார்த்து உட்காருகிற வழக்கம் எல்லாம் தமிழ்ச் சபைகளுக்குள் இருந்திருக்கின்றன. பல ஊர்களில் கல்லறைத் தோட்டத்தையே இரண்டாகப் பிரித்து வைத்தார்கள். வாராவாரம் கூடுவதால் மட்டும் மனிதர்கள் நல்லவர்களாகிவிட மாட்டார்கள். ஆனால் கூடுவதால் ஒன்று நடக்கிறது. ஒருவர் வராவிட்டால் தெரிந்துவிடுகிறது. "எங்கே, அந்தப் பெரியம்மாவை ரெண்டு வாரமாக் காணோம்?" என்று ஒருவர் கேட்பார். யாரோ ஒருவர் போய்ப் பார்ப்பார். பல கிராமங்களில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு இந்தக் கேள்விதான்.

திரும்பி ஏறிய பாட்டி

1923-ல் பிராண்ட் குடும்பம் விடுமுறைக்கு இங்கிலாந்து போனது. ஒன்பது வயது பாலையும் தங்கை கானியையும் படிப்புக்காக அங்கேயே விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். 1929 ஜூனில் ஜெஸ்ஸிக்குக் கருநீர்க் காய்ச்சல் வந்தது. மலேரியா முற்றினால் சிறுநீர் கறுத்துப்போகும் நோய் அது. நாற்பத்து நாலு வயதில் இறந்து, வளவந்தியிலேயே அடக்கமானார். தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. அப்பா முன்பே எழுதிப் போட்ட கடிதம் கப்பலில் அதற்குப் பிறகுதான் மகன் கைக்கு வந்தது.

ஒரு ஆளை நம்பி நின்ற சபை அந்த ஆள் போனதும் கலைந்திருக்கலாம். கொல்லிமலைச் சபை கலையவில்லை. எவலினும் ஒதுங்கிவிடவில்லை. இங்கிலாந்து போய் வந்தார், மிஷன் சொன்ன இடங்களில் வேலை செய்தார். 1947 வாக்கில் வயது அறுபத்தெட்டு, இனிமேல் ஓய்வு எடுக்க வேண்டும் என்றது மிஷன். இன்னும் ஒரே ஒரு வருடம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். அந்த வருடம் முடிந்ததும் மிஷனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, சொந்தப் பொறுப்பில் மறுபடியும் மலை ஏறிவிட்டார்! கொல்லிமலையோடு நிற்காமல் கல்வராயன் மலை, பச்சைமலை, சித்தேரி மலை என்று, தானும் கணவரும் போக ஆசைப்பட்ட மலைகளுக்கெல்லாம் போனார். எழுபது வயதுக்கு மேல் இடுப்பு எலும்பு முறிந்தது. மகன் பால் அதற்குள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் பெயர் வாங்கியிருந்தார். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் அம்மா இறங்கி வரவில்லை. இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டு, மட்டக்குதிரை மேல் ஏறிக்கொண்டு, ஊர் ஊராகப் போனார். கடைசி இருபது வருடம் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் ஓவியம் படித்த அழகான லண்டன் பெண் அவர்.

1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்து வயதில் எவலின் இறந்தார். பெட்டி வேண்டாம், சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி மண்ணில் வையுங்கள், உடம்பு இந்த மண்ணுக்கே சேரட்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே செய்தார்கள். ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் அவர் கல்லறை.

இனி

இப்போது கொல்லிமலைக்கு ரோடு இருக்கிறது, பஸ் இருக்கிறது, செம்மேட்டில் அரசு அலுவலகங்கள் இருக்கின்றன, கையில் செல்போன் இருக்கிறது. மருந்துக்கும் எழுத்துக்கும் மிஷன் வீட்டை நம்பியிருந்த காலம் போய்விட்டது. அது நல்லதுதான். அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கம் செய்கிறது.

சவால் வேறு பக்கம் வந்திருக்கிறது. படிப்புக்கும் வேலைக்கும் இளைஞர்கள் மலையை விட்டு இறங்குகிறார்கள். இது கொல்லிமலைக்கு மட்டும் உள்ள கதை இல்லை, எல்லாக் கிராமத்துக் கதையும்தான். ஞாயிறு ஆராதனையை டிவியிலும் யூடியூபிலும் பார்த்துவிடலாம். 2020-ல் கொரோனா வந்தபோது பல மாதம் அப்படித்தான் பார்த்தார்கள். பிரசங்கம் நன்றாகவே கேட்கும், பாட்டு இன்னும் நன்றாகவே இருக்கும். ஆனால் பார்க்கிறவர்களில் இன்று ஒருவர் குறைந்தால் அந்தத் திரைக்குத் தெரியாது. பார்வையாளர் எண்ணிக்கையில் ஒன்று குறையும், அவ்வளவுதான். யார் அந்த ஒருவர் என்று தேடிக்கொண்டு யாரும் கஞ்சி எடுத்து வரமாட்டார்கள்.

சர்ச்சுக்குப் போகாதவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. கோயில் பஜனைக் குழு, பள்ளிவாசல் ஜமாத், நூலக வாசகர் வட்டம், தெருவில் சாயங்காலம் சீட்டு ஆடும் தாத்தாக்கள் கூட்டம், மகளிர் சுயஉதவிக் குழுவின் வாரக் கூட்டம், எதுவாக இருந்தாலும் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு சோதனை போதும். இந்த வாரம் யார் வரவில்லை என்று அங்கே யாராவது கேட்கிறார்களா? கேட்டவர் எழுந்து போய்ப் பார்க்கிறாரா?

பிரிஸ்டலில் ஒரு கப்பல்காரர் வாரம் பதினோரு வீடு போனார். கொல்லிமலையில் ஒரு கொத்தனாரும் அவர் மனைவியும் கதவு திறக்காத வீடுகளுக்குப் போனார்கள். பெரிய திட்டம் எதுவும் அவர்கள் கையில் இல்லை. ஒரு கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை எல்லோரும் எண்ணுவார்கள். அவர்கள் எண்ணியது இல்லாதவர்களை.